லேபல் அக்கா

எந்தப் பக்கெற்றையும் நான் பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். முன்பக்கத்தில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும், உடலுக்கு நல்லது என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது விற்கிறவன் ஆசையாகச் சொல்வது. பின்பக்கத்துச் சின்ன எழுத்து, அவன் சட்டத்துக்குப் பயந்து சொல்வது. இரண்டையும் சொல்கிறவன் ஒருவன்தான் என்றாலும் பயந்து சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். மற்றதெல்லாம் எளிது. சேர்மானங்களில் முதலாவதாக எழுதியிருப்பதுதான் உள்ளே அதிகம் இருக்கும். சீனியைச் சீனி என்று எழுதாமல் வேறு பெயர்களில் எழுதியிருப்பார்கள், அந்தப் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டால் போதும். ஒரு தடவைக்கு என்று போட்டிருக்கும் அளவு ஒரு குருவிக்குத்தான் காணும், ஆகவே அந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. உங்கள் தாய்மார் சங்கத்துப் பெண்களுக்கு ஒரு பின்னேரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். சுகாதாரக் கந்தோரிலிருந்து இவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்தது உங்கள் நல்ல மனது. ஆனால் அறிவித்தலில் என் பெயரைப் போடுவதற்கு முன்னால் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேத்தண்ணியைக் குடியுங்கள். பிள்ளை ரியூஷனுக்குப் போயிருக்கிறாள், ஆறுதலாகப் பேசலாம்.

நான் வாழைச்சேனைக் காகித ஆலை அலுவலகத்தில் ரைப்பிஸ்டாக இருந்தவள். கூழாக்குவதற்குக் கட்டுக் கட்டாகப் பழைய தாள்கள் வரும். அவற்றுக்குள் ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானத்தில் வாசிப்பேன். மட்டை இல்லாதவை, நடுவில் கிழிந்தவை, கடைசிப் பக்கங்கள் போனவை. கதையின் முடிவு கிடைக்காவிட்டால் நானே ஒரு முடிவை யோசித்து வைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் எதற்கு என்று கடவுளே யோசிக்கிறார் என்று என் தங்கை புஸ்பம் சொல்லுவாள். அவள் பேசுகிறவள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் அவளைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் யாராவது தங்கள் கைப்பையை வைத்துவிட்டுப் போவார்கள், பார்த்துக்கொள்ளச் சொல்லி. நானும் பார்த்துக்கொள்வேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு மனிதர்கள் கிடைக்கிறார்கள், சிலருக்குப் பொருட்கள் கிடைக்கின்றன.

புஸ்பம் கனகசிங்கத்தைக் கட்டினாள். நல்ல மனிதர், வாவியிலும் கடலிலும் மீன்பிடித் தொழில். அவர்களுக்குக் கம்சாயினி பிறந்து, அவள் தவழத் தொடங்கிய நேரத்தில் புஸ்பம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் பக்கத்துப் பெண்களில் எத்தனையோ பேர் அப்படிப் போனவர்கள்தான். தகப்பன் தொழிலுக்குப் போகும் நேரத்தில் பிள்ளை என்னோடு இருப்பாள்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கனகசிங்கம் அவளை என் கையில் தந்துவிட்டுத்தான் கல்குடாக் கரைக்குப் போனார். அவருடைய உடல் கிடைக்கவில்லை. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமாவடிப் பாலத்தை நோக்கி ஓடினேன். என் சட்டைக் கழுத்தை அவள் பிடித்திருந்த பிடியை அகதி முகாமில் பெண்கள் அவிழ்க்கப் பார்த்தார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

அவளுக்குப் பேச்சு வருகிற வயது. என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. தாயின் தமக்கையும் தாய்தான். நான் புதிதாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

லேபல் வாசிப்பு அந்த முகாமில்தான் தொடங்கியது. முதலில் சில நாட்கள் ஓட்டமாவடி வீடுகளிலிருந்து சோற்றுப் பொதி வந்தது. பிறகு உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ரின்களும் பெட்டிகளும் வந்தன. ரின்னில் மீன் படம் இருந்தால் உள்ளே மீன் இருக்கும் என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். ஒருநாள் வந்த ரின்னில் பூனைப் படம் இருந்தது. கோணாமலை அண்ணன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"மீன் படம் போட்டா உள்ளுக்க மீன். அப்ப இதுக்குள்ள என்ன? கடல் அடிச்செண்டாலும் நாங்க பூன திங்கிற நிலைக்கு இன்னும் வரல்ல."

நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். "உள்ளுக்க மீன்தான் அண்ணன். ஆனா பூனைக்கெண்டு செஞ்ச மீன்."

"பூனைக்கும் நிவாரணம் வந்திரிக்கி" என்றாள் வரிசையில் பின்னால் நின்ற ஸஹீதா. "அதுகளுக்கும் கார்ட் பதிஞ்சிரிக்காங்களா எண்டு கேளுங்க, எங்கட ஊட்டயும் ரெண்டு கெடக்கு."

முகாம் முழுவதும் சிரித்தது. கடல் வந்த பிறகு அந்தச் சனம் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். அவர்கள் என்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை என்றும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஸஹீதா ஒரு சூப் பெட்டியைக் கொண்டுவந்தாள். பன்றிக் கொழுப்புக் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தேன், இருந்தது. இருக்கிறது என்றேன். அவளுடைய பிள்ளைகள் பசியோடு பக்கத்தில் நின்றார்கள். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் சனம் தின்னும், நான் சொன்னால் தின்னாமல் விடும். எனக்கு அது அன்றுதான் விளங்கியது.

அதன் பிறகு எனக்கு லேபல் அக்கா என்று பெயர். வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்து இங்கே வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. புதுச் சாமான் எது வாங்கினாலும் என்னிடம் காட்டாமல் வெட்டித் திறக்க மாட்டார்கள். வாசல் கடப்படியில் யாராவது பக்கெற்றோடு நிற்பார்கள். கோணாமலை அண்ணனின் சீனி வருத்தம் இறங்கியது என் வாசிப்பால்தான், அவரிடமே கேளுங்கள். அவர் சீனியில்லாத பிஸ்கட் என்று நம்பித் தின்றுகொண்டிருந்ததில் இருந்ததையெல்லாம் நான்தான் எடுத்துச் சொன்னேன். லேபலில் இல்லாததை நான் ஒருவருக்கும் வாசித்ததில்லை. இதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புஸ்பம் திரும்பி வந்தது போர் வன்னிப் பக்கம் இறுகிக்கொண்டிருந்த காலத்தில். முகம் ஊதி, கால் வீங்கி, பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். குவைத்து வெயிலில், தண்ணீர் குடிக்கவும் நேரமில்லாமல் வேலை செய்திருக்கிறாள். சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். பிரஷரும் இருந்தது. டொக்டர் நல்ல பொறுமைசாலி. பொட்டாசியம் என்ற ஒன்று எங்கள் சாப்பாட்டில் இருக்கிறது, நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், இவளுடையது தள்ளாது, அது இரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்று விளக்கினார். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. மரக்கறியை வெட்டி அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும். பிரஷருக்காக உப்பும் குறைய வேண்டும். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது புஸ்பம் பக்கத்திலிருந்த நேர்ஸிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் சொன்னதைக் கேட்டது நான்தான்.

அவளை நான் நன்றாகப் பார்த்தேன். ஒருநாளாவது மரக்கறியை அவிக்காமல் வைத்ததில்லை. வாவி மீன் வாங்கினால் அவளுக்கென்று தனிச் சட்டியில் ஆக்கினேன். அவளுடைய கால் வீக்கம் வடிந்தது. கிளினிக்கில் என்னைக் காட்டி, இப்படி ஒரு தமக்கை கிடைக்க வேண்டும் என்று மற்ற நோயாளிகளிடம் சொன்னார்கள்.

முதல் நாள் கம்சாயினி அவளைக் கண்டு எனக்குப் பின்னால் ஒளிந்தாள். அன்றைக்கு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

புஸ்பம் கொண்டுவந்த பொம்மைக்கும் சட்டைக்கும் பிள்ளை மயங்கவில்லை. அவற்றை வாங்கி என்னிடம்தான் தந்தாள். ஆனால் புஸ்பம் கட்டிலில் படுத்தபடியே குவைத்து வீட்டு எசமானியை, அவள் மடம் என்று கூப்பிட்டவளை, நடித்துக் காட்டினாள். அந்த மடம் செருப்பைத் தேடுவது, வேலைக்காரியின் பெயரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிக் கூப்பிடுவது, புஸ்பம் அதற்குத் தமிழில் ஏசிவிட்டு அரபியில் சிரிப்பது. பிள்ளை வாசலில் நின்று கேட்டாள், பிறகு கட்டில் காலடியில் இருந்து கேட்டாள், பிறகு தாயின் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு கேட்டாள். நான் அவளுக்குச் சொன்ன கதைகளெல்லாம் புத்தகத்தில் இருந்தவை. அவற்றை அவள் அமைதியாகக் கேட்பாள். விழுந்து விழுந்து சிரிக்க மாட்டாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

தலை வாரிவிடுவது தாயிடம் போனது. பள்ளிக்கூடத்துக் கதை சொல்வது தாயிடம் போனது. ஒருநாள் கடப்படியில் வரும்போதே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். நான் குசினியில் இருந்து "என்ன மகள்" என்றேன்.

"நீங்க இல்ல பெரியம்மா. அம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் மாறித் தந்த சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, பிறகு எதற்கு அணைத்தேன் என்று யோசித்து, திரும்பவும் மூட்டினேன்.

என் சாப்பாட்டைப் பற்றி அவர்கள் இருவரும் பகிடி விடுவார்கள்.

"கம்சா, உங்கட பெரியம்மாட கறிய வாயில வெச்சா, நான் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்கன் எண்டு நெனப்பு வருது."

"எனக்கு மழத்தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கும்மா."

"மழத்தண்ணியெண்டாலும் கூரையில பட்டு வந்தா கொஞ்சம் ருசிக்கும் மகள்."

இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு சிரிப்பார்கள். முன்பல் இடைவெளி இருவருக்கும் ஒன்றுபோல் இருக்கும். அந்தக் கறியில் உப்பில்லாமல் இருந்தது புஸ்பத்தின் உயிருக்காக. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. சட்டியைக் கழுவினேன்.

இதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். பிள்ளை ஒரே வீட்டில் இருந்தாள், கண்ணால் காணக்கூடிய தூரத்தில் இருந்தாள். ஆனால் கடலில் புருஷனை இழந்தவள் என்று புஸ்பத்தின் பெயருக்குச் சித்தாண்டிப் பக்கம் ஒரு வீடு வந்தது. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், தாயிடமிருந்து மகளுக்குப் போவது. அந்த வீடு பிறகு கம்சாயினிக்கு என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"இந்த மாரி தொடங்க முதல் போயிருவம் அக்கா. நீங்க எங்களால பட்ட கஷ்டம் போதும். இனி உங்கட புத்தகங்களோட நிம்மதியா இருங்க."

உண்மையாகவே எனக்கு நன்மை செய்வதாகத்தான் அவள் நினைத்தாள். பிள்ளை தன் சட்டைகளை ஒரு பையில் அடுக்கத் தொடங்கினாள். அவசரமில்லை என்று நான் சொன்னேன். "லீவுக்கு நீங்க வரலாம் பெரியம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஓட்டமாவடியில் றவூப் நானாவின் கடைக்கு அரிசி மா வாங்கப் போனேன். கொழும்பிலிருந்து புதுச் சாமான் வந்தால் அவர் எனக்குத்தான் முதலில் காட்டுவார். நான் நல்லது என்று சொன்ன பொருள் விலைப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

"இதப் பாருங்க லேபல் அக்கா. உப்புத்தான், ஆனா பிரஷருக்குக் கூடாதது பாதிதானாம். ருசி அப்பிடியே இரிக்கிமாம். ஒங்கட தங்கச்சிக்கெண்டே வந்த மாதிரி இரிக்கி."

நான் திருப்பினேன். சோடியத்தின் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குப் பொட்டாசியத்தைப் போட்டிருந்தார்கள். அடியில், மிகச் சிறிய ஆங்கில எழுத்தில், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பாவிக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆட்கள் வந்து சாமான் வாங்கிப் போனார்கள். பொலன்னறுவை பஸ் வந்து நின்று போனது. நீங்கள் நினைப்பதுபோல் என் மனதில் அப்போது கொந்தளிப்பு ஒன்றும் இருக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் கிழிந்துபோன கடைசிப் பக்கங்கள் கையில் கிடைத்ததுபோல் இருந்தது.

"என்னக்கா, உப்புப் பக்கெற்றுல நாவலா எழுதியிரிக்கான்? மா கட்டி வெச்சி எவ்வளவு நேரம்" என்றார் றவூப் நானா.

"நல்ல சாமான் நானா" என்றேன். அது பொய்யில்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது நல்ல சாமான்தான். நீங்களும் உங்கள் சங்கத்தில் அதைச் சிபாரிசு செய்வீர்கள்.

வீட்டுக்கு வந்து பக்கெற்றைப் புஸ்பத்தின் முன்னால் வைத்தேன். கம்சாயினி தாயின் முதுகில் சாய்ந்துகொண்டு இருந்தாள்.

"வாசிங்க அக்கா, கேப்பம்" என்றாள் புஸ்பம். "இதுலயும் எதையாவது பிழை பிடிச்சு என்ன மழத்தண்ணியிலயே விட்டுராதீங்க."

வாசித்தேன். சாதாரண உப்பில் இருப்பதில் பாதிச் சோடியம்தான் என்று வாசித்தேன். பிரஷரைக் கட்டுப்படுத்த உதவும் என்று வாசித்தேன். ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது என்றும் வாசித்தேன். பொட்டாசியம் என்ற சொல்லைத் தாண்டிப் போனேன். கடைசி வரிக்கு வந்தேன். வாயை மூடிக்கொண்டேன். நான் பேசாமல் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் புதிதில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"ஓம்."

யோசித்துப் பாருங்கள், அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கிளினிக்கில் அந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்டிருந்தால் கேட்டிருப்பாள். பக்கெற்றைக் கையில் வாங்கி யாரிடமாவது காட்டியிருக்கலாம். தன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை இன்னொருத்தியின் வாயை நம்பி விட்டது அவள் செய்த பிழை. நான் அதை அவளுக்கு எதிராகச் சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் விட்டிருந்தது.

"அம்மாட சாப்பாட்டுக்கு இனி நான்தான் உப்புப் போடுவன்" என்றாள் கம்சாயினி. பக்கெற்றை அவளே எடுத்துக்கொண்டாள். கொஞ்சமாகப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

நான் அந்த உப்பைக் கையால் தொடவில்லை. முன்போலவே மரக்கறியை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, உப்பில்லாமல் கறி வைத்தேன். பிள்ளை சோற்றுக் கோப்பையின் மேல் குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, விரல் நுனியால் தூவுவாள். "இன்னும் கொஞ்சம் மகள்" என்பாள் தாய். "போதும்மா, பெரியம்மா ஏசுவாங்க" என்பாள் பிள்ளை. பிறகு இரக்கப்பட்டு இன்னும் கொஞ்சம் போடுவாள். நான் ஏசவில்லை.

புஸ்பம் ஆசையாகச் சாப்பிட்டாள். அவளுடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒருநாள் என் கழுத்தைக் கட்டிப்பிடித்து, "இத வாசிச்சுக் கொண்டு வந்ததுக்கு உங்களுக்குக் கோயில் கட்டலாம் அக்கா" என்று கன்னத்தில் முத்தம் தந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என்னை முத்தமிட்டது அப்போதுதான். எனக்கு அவள் மேல் அன்பு இல்லை என்று நீங்கள் நினைத்தால் அது சரியில்லை. அன்று பின்னேரம் அந்தப் பக்கெற்றை எடுத்துக் கிணற்றடியில் கொட்டிவிடலாம் என்றுகூட நினைத்து எழுந்தேன். குசினி வாசலில் கம்சாயினி சட்டைகளை அடுக்கிய பை கட்டி வைத்திருந்தது. அதைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து இருந்துவிட்டேன்.

அடுத்த கிளினிக் தவறிப்போனது. நாடு முழுக்க இராணுவச் சோதனையாக இருந்த நாட்கள். பஸ் ஓடவில்லை என்று நான் புஸ்பத்திடம் சொன்னேன். ஒரு பஸ் ஓடியது. அதில் சனம் நெருக்கமாக இருக்கும், நோயாளிக்குச் சரிவராது.

அவளுக்குக் கால் பாரமாக இருந்தது. கை விரல்கள் விறைத்தன. "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு அக்கா" என்றாள். களைப்பு என்றேன். போர் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன அந்த மே மாதத்து நாளில், காலையில் எழும்ப முடியவில்லை என்றாள். அயலவர்கள் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். சந்தியில் கொடி கட்டி, வெடி கொளுத்தி, போகிற வருகிற வாகனங்களை மறித்துப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்டோவுக்குள்ளும் ஒருவன் வாழையிலைத் துண்டில் சோற்றை நீட்டினான். வாங்கினால்தான் விடுவார்கள் என்று டிரைவர் சொன்னதால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். புஸ்பத்தின் தலை என் தோளில் இருந்தது. அவள் மறுபக்கத்தில் இருந்த பிள்ளையின் கையைத்தான் பிடித்திருந்தாள். அந்தக் கை சோர்ந்ததைப் பிள்ளை எனக்கு முன்னால் அறிந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், வாழைப்பழம், இளநீர் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைத்தீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். கேட்டது எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, இந்த வருத்தத்தின் போக்கு அப்படித்தான், நீங்கள் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறீர்கள் என்றார்.

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். எந்தச் சொல்லைச் சொல்வது என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. நானே சொல்கிறேன். என் தங்கையை நான் கொன்றேன். அவள் சாகவேண்டும் என்று விரும்பினேன், சாவாள் என்று தெரிந்து கொண்டுவந்து வைத்தேன். பக்கெற்றை அந்தியேட்டிச் சடங்குக்கு முன்னால் அடுப்பில் எரித்தேன். இதைப் பொலிஸில் சொல்வதென்றால் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் போவதற்கு முன்னால் பிள்ளையைப் பற்றியும் நீங்கள் கேட்க வேண்டும்.

சடங்குகள் முடிந்து ஆட்கள் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். வெகுநேரம் பேசாமல் நின்றாள். பேசாமல் நிற்பதை என்னிடம் பழகியவள்தானே.

"பெரியம்மா, நான் கூடப் போட்டுட்டன்" என்றாள். "நீங்க கொஞ்சமா எண்டுதான் சொன்னீங்க. அம்மா கேட்டாங்க. பாவம் எண்டு போட்டன்."

நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உன்னில் பிழையில்லை மகள் என்றேன். ஒருவருக்கும் இதைச் சொல்லாதே, சனத்துக்கு விளங்காது என்றேன். அவள் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். சித்தாண்டி வீடு பூட்டிக் கிடக்கிறது. அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை, பெரியம்மாதான். அதை நான் கேட்டு வாங்கவில்லை. அவளுடைய சோற்றுக்கு அவள் உப்புப் போட்டுக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் என்று யாரும் இல்லை. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கிருந்தாலும் என்னிடம் வந்துவிடுவாள். வந்து என் பக்கத்தில் இருந்து, என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "என்னில பிழையில்லைதானே பெரியம்மா" என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் கேட்பாள். இல்லை மகள் என்பேன். அதை நான் ஒருநாளும் சலித்துக்கொண்டு சொன்னதில்லை. அவளில் பிழையில்லை என்று இந்த உலகத்தில் என்னைப்போல் உறுதியாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். என் மேல் சாய்ந்துகொண்டே நித்திரையாகிவிடுவாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் நினைத்துப் பார்த்தேன். சொன்னால் அவளுடைய பாரம் இறங்கிவிடும். பிறகு அவளுக்கு என்னிடம் வந்து கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்தச் சின்ன மனது அதைத் தாங்காது.

என்னை அவர்கள் கொண்டுபோனால் அவள் பின்னேரங்களில் யாரிடம் போவாள்? அதை மட்டும் யோசியுங்கள். தாயுமில்லாமல் தகப்பனுமில்லாமல் போன பிள்ளை. இப்படியொரு துக்கத்தில் அவளைத் தேற்றுவதற்கு என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்.